மான் தூக்க இரண்டு பேர்

லோர்னா க்ரேச்சியின் இரண்டு கட்டைவிரல்களும் எர்வின் ஸ்வோபோடாவின் குதிகாலைப் பிடித்திருந்தன. நீர் கோத்த காலுக்குப் போடும் இறுக்கக் காலுறை அது. உள்பக்கம் வெளியே வரும்படி குதிகால் வரை புரட்டி, கால்விரல்களில் மாட்டி, சுருக்கம் விழாமல் முழங்கால்வரை ஏற்ற வேண்டும். அதையும் ஆள் படுக்கையில் இருக்கும்போதே செய்துவிட வேண்டும். எழுந்து உட்கார்ந்துவிட்டால் நீர் கீழே இறங்கிவிடும், பிறகு போட்டும் போடாததுதான். இது தெரியாமலேயே உதவியாளர் உடுப்பு மாட்டிக்கொண்டு திரிகிறவர்கள் நிறையப் பேர்.

"சீக்கிரம் ஆகட்டும் பொண்ணே, காப்பி ஆறிடும்" என்றார் எர்வின். எண்பத்தொரு வயது. ஐம்பது வருடம் சோளம் போட்டு மாடு வளர்த்த உடம்பு, இன்றைக்கும் இருநூற்று நாற்பது பவுண்டு இருக்கும். போன வருடம் வந்த பக்கவாதம் இடது காலை எடுத்துக்கொண்டது. வாயை விட்டுவிட்டது.

கதவருகில் க்ரெய்க் ஹல்டீன் வந்து நின்றான். முப்பத்தெட்டு வயது நிர்வாகி. கையில் எப்போதும் கைபேசி, அதில் எப்போதும் கடிகாரம்.

"லோர்னா, நீங்க இந்த ரூமுக்குள்ள வந்து பதினாலு நிமிஷம் ஆச்சு."

"இவருக்கு ரெண்டு கால் இருக்கு க்ரெய்க்."

"மேரிவிக் இவர ஒண்டியா தூக்கி நாற்காலில வெச்சிடுறா. நீங்க இன்னொரு ஆள் வர்ற வரைக்கும் கைய கட்டிக்கிட்டு நிக்கிறீங்க."

"இவர தூக்க ரெண்டு பேர்னு கதவுக்குப் பின்னாடி ஒட்டியிருக்கு. அது என் கையெழுத்து இல்ல, டாக்டரோடது."

"பாத்தீங்களா, இதான் நம்ம ஊரு ஆளுங்களோட சீக்கு. என் உரிமை என்ன, என் பதினஞ்சு நிமிஷம் எங்க, எங்க எழுதியிருக்கு. கடல் தாண்டி வந்தவ ஒரு நாளாவது பதினஞ்சு நிமிஷம் ஓய்வு கேட்டிருக்காளா?"

"கேக்கல" என்றாள் லோர்னா. "அவகிட்ட எனக்குப் பிடிக்காததே அது ஒண்ணுதான்."

க்ரெய்க் நடைவழியில் மாட்டியிருந்த வெள்ளைப் பலகைக்குப் போய் ஒரு எண்ணை எழுதினான். அக்டோபர் முதல் தேதியிலிருந்து அந்தப் பலகை அங்கே தொங்குகிறது. காலை ஆறு மணிக்கு வேலை தொடங்கினால், ஏழரைக்குச் சிற்றுண்டி மணி அடிப்பதற்குள் எந்த உதவியாளர் எத்தனை பேரை எழுப்பிக் கழுவி உடுத்தி உட்கார வைத்தார் என்ற கணக்கு. மேரிவிக் பதினொன்று, எப்போதும் முதலிடம். ட்ராவிஸ் ஏழு. லோர்னா ஆறு, கடைசி. வரும் திங்கட்கிழமை பலகையை இறக்கும்போது யார் கடைசியில் இருக்கிறார்களோ அவர்கள் நிலவறைச் சலவைக்கூடத்துக்குப் போக வேண்டும். ஒருவரே தூக்க முடிகிற ஆளுக்கு இருவர் எதற்கு என்ற கேள்வியையும் அன்றே முடித்துவிடுவதாக க்ரெய்க் சொல்லியிருந்தான். அந்தத் திங்கட்கிழமைக்கு இன்னும் மூன்று நாள். அன்று வெள்ளிக்கிழமை.

நெப்ராஸ்காவின் அந்தச் சிற்றூரில் மேட்டின்மேல் இருக்கிற முதியோர் இல்லத்தை எல்லோரும் மேட்டு வீடு என்றுதான் சொல்வார்கள். லோர்னா அங்கே முப்பத்தொரு வருடமாக வேலை செய்கிறாள். கணவனின் நிலம் ஏலத்தில் போன குளிர்காலத்தில், இருபத்தேழு வயதில் வந்தவள். வேலை எளிது என்று நினைத்து வந்தாள், மூன்றாம் நாள் அழுதாள், நான்காம் நாளிலிருந்து அழவில்லை. இந்த ஊரில் கண்மூடியவர்களில் பாதிப் பேருக்குக் கடைசியாகத் தலை வாரிவிட்டது அவள்தான். கணவன் இறந்த வாரம் மட்டும் மூன்று நாள் வேலைக்கு வரவில்லை. அதைத் தவிர, இல்லாத வயிற்றுவலியைச் சொல்லி ஒரு நாளும் வீட்டில் தங்கியதில்லை.

ஆனால் பத்து மணி அடித்தால் அவள் உட்கார்ந்துவிடுவாள். உலகமே நடைவழியில் உருண்டு வந்தாலும் ஓய்வறையில் பதினைந்து நிமிடம், ஒரு கோப்பைக் காப்பி, மடித்த துணிமேல் வலது கால். இருவர் தூக்க வேண்டியவரை ஒருபோதும் ஒருத்தியாகத் தூக்கமாட்டாள். இரண்டுக்கும் காரணம் ஒன்றுதான், டோலரஸ் வானெக்.

டோலரஸ் அவளோடு சேர்ந்து வேலை செய்தவள். பலசாலி, அவசரக்காரி, கூப்பிட்ட குரலுக்கு ஓடுகிறவள். நாற்பத்தோராவது வயதில் ஒரு மதியம் பெரிய உடம்புக்காரர் ஒருவரைத் தனியாகத் தூக்கப்போய், அவர் மேலே விழ, கீழே கிடந்தாள். இருபது நிமிடம் யாரும் பார்க்கவில்லை. முதுகெலும்பில் இரண்டு வட்டுகள் போயின. அதன்பிறகு அவள் வேலை என்று எதையும் செய்யவில்லை. தேவாலயத்துக்குக்கூட நடைச்சட்டம் பிடித்துத்தான் வருகிறாள். அவள் விழுந்த மறுவாரம் பதினொரு பெண்கள் நடைவழித் தரையில் வரிசையாக உட்கார்ந்தார்கள். லோர்னா மூன்றாவது ஆள். இருவர் தூக்கும் விதியும் பத்து மணி ஓய்வும் அப்படி உட்கார்ந்து வாங்கியவை. யாரும் தட்டில் வைத்துக் கொடுக்கவில்லை. அந்தப் பதினொரு பேரில் இப்போதும் வேலையில் இருப்பவள் லோர்னா ஒருத்திதான். அதனால் புதிதாக வருகிறவர்களுக்கு அது ஒரு கிழவியின் பிடிவாதமாகத் தெரிந்தது.

மேரிவிக் வந்து எட்டு மாதம் ஆகிறது. பிலிப்பைன்ஸ் தீவு ஒன்றில் மருத்துவமனையில் செவிலியாக இருந்தவள், வயது முப்பத்துநான்கு. கணவனும் இரண்டு மகள்களும் அங்கேயே இருக்கிறார்கள். அவளும் இரவு வேலை பார்க்கும் ஜோஸ்லினும் ஒரே ஒப்பந்தத்தில் வந்தவர்கள். இந்த நாட்டில் இருக்க அவர்களுக்குள்ள தாள்கள் எல்லாம் இந்த வேலையில் தொங்குகின்றன. வேலை போனால் தாளும் போகும்.

அந்த வெள்ளிக்கிழமை மதியம் லோர்னா விரிப்புகள் வைக்கும் சிற்றறைக் கதவைத் திறந்தாள். மேரிவிக் உள்ளே நின்றபடியே டப்பாவிலிருந்து சோறும் கருவாடும் சாப்பிட்டுக்கொண்டிருந்தாள்.

"ஓய்வறைல நாற்காலி இருக்கு" என்றாள் லோர்னா.

"நின்னே சாப்பிட்டா சீக்கிரம் முடியும் மேடம் லோர்னா. கருவாட்டு வாசம் அங்க யாருக்கும் பிடிக்காது."

"ட்ராவிஸோட கால் நாத்தத்த சகிச்சுக்கிறோம், கருவாடு என்ன. இங்க பாரு, நீ ஓடுறது எனக்குப் புரியுது. ஆனா நீ ஓடினா எங்க எல்லாரையும் ஓடச் சொல்வான்."

மேரிவிக் கரண்டியை டப்பாவில் வைத்தாள். குரல் உயரவில்லை.

"உங்க ஊரு ஆளுங்களுக்குத் திங்கக்கிழமைன்னா வயித்த வலி, வெள்ளிக்கிழமைன்னா காருக்கு வயித்த வலி. அவங்க வராத அறைக்கெல்லாம் நான்தான போறேன்? அப்பல்லாம் நான் ஓடுறது உங்களுக்குத் தப்பா தெரியல."

அது உண்மைதான்.

"நீங்க பதினஞ்சு நிமிஷம் கேக்கலாம் மேடம். கேட்டு கிடைக்கலன்னா உங்களுக்கு வீடு இருக்கு, ஊரு இருக்கு. நான் கேட்டு கிடைக்கலன்னா எனக்கு விமானம் மட்டும்தான் இருக்கு."

டப்பாவை மூடிக்கொண்டு போய்விட்டாள். நான்கு நிமிடத்தில் சாப்பாடு முடிந்தது.

மறுநாள் சனிக்கிழமை. நவம்பர் நடுவில் வரும் அந்தச் சனிக்கிழமையைப் பற்றி அந்த ஊரில் யாருக்கும் சொல்லத் தேவையில்லை. துப்பாக்கியோடு மான் வேட்டைக்குப் போக அரசாங்கம் அனுமதிக்கிற முதல் நாள் அது. விடியுமுன்பே மரத்தின்மேல் ஏறிப் பதுங்கிவிடுவார்கள். கடைகளில் ஆள் இருக்காது, தேவாலயப் பாடகர் குழுவில் கட்டைக் குரல் இருக்காது, திருமணம் வைத்தால் மாப்பிள்ளையே வருவானா என்பது சந்தேகம். விடுப்புக் கேட்டால் கிடைக்காது என்பதால் யாரும் கேட்பதுமில்லை. காலையில் நோய் வந்துவிடும்.

லோர்னா ஆறுக்குப் பத்து நிமிடம் இருக்கும்போது வந்தாள். மேரிவிக் ஏற்கெனவே கையில் துணிக்கூடையோடு நடந்துகொண்டிருந்தாள். எப்போது வந்தாலும் அவள் முன்பே இருப்பாள், லோர்னா அதைப் பெரிதாக எண்ணியதில்லை. தாதிகள் மேசையில் தலைமைத் தாதி பெக் தொலைபேசியைக் கழுத்தில் இடுக்கிக்கொண்டு தாளில் கோடு போட்டுக்கொண்டிருந்தாள்.

"நாலாவது ஆள்" என்றாள் பெக். "முதல் மூணு பேருக்கும் ஒரே வயித்தோட்டம். இது ட்ராவிஸ், நீயே பேசு."

லோர்னா வாங்கிக் காதில் வைத்தாள். "ட்ராவிஸ், ஏன் குசுகுசுன்னு பேசுற?"

"தொண்ட கட்டிருச்சு லோர்னா. ராத்திரி பூரா காய்ச்சல்."

"பின்னால காக்கா கத்துது."

"ஜன்னல் தொறந்திருக்கு."

"மரத்து மேல ஏது ஜன்னல்? பனில உக்காந்தா தொண்ட கட்டத்தான் செய்யும். நாளைக்கு ஆறு மணிக்கு நீ இங்க நிக்கல, உங்க அம்மாவுக்கு நானே போன் பண்ணுவேன்."

வைத்துவிட்டாள். ஐந்தாவது அழைப்பும் வந்தது. முப்பத்தெட்டு முதியவர்கள், அவர்களில் பதினான்கு பேர் இருவர் தூக்க வேண்டியவர்கள். கைகள் என்று பார்த்தால் லோர்னா, மேரிவிக், இரவு வேலை முடிந்தும் போகாமல் நின்ற ஜோஸ்லின், மருந்து வண்டியை விட்டு நகர முடியாத பெக். அவ்வளவுதான்.

"க்ரெய்க்கக் கூப்பிடு" என்றாள் லோர்னா.

"மூணு தடவ கூப்பிட்டாச்சு. எடுக்கல."

லோர்னா மேரிவிக்கின் பக்கம் திரும்பினாள். "கனமானவங்கள நாம ரெண்டு பேரும் சேர்ந்தே பாத்துருவோம். ஒரு முனைலேருந்து மறு முனைக்கு."

"ரெண்டு பேரும் ஒரே அறைல நின்னா மத்த அறைய யார் பாப்பா? நீங்க கிழக்கு நடவழி, நான் மேக்கு." சொல்லும்போதே நடந்துவிட்டாள்.

அன்று காலை எப்படிப் போனது என்று விவரிப்பதில் பயனில்லை. அந்த வேலை செய்தவர்களுக்குத் தெரியும். சிற்றுண்டி எட்டேகாலுக்குத் தொடங்கி ஒன்பதரைக்கு முடிந்தது, கனமானவர்களுக்குப் படுக்கையிலேயே. கஞ்சி ஆறியதாகப் பலர் புகார் சொன்னார்கள். அது நல்ல அறிகுறி, புகார் சொல்கிறவர் நன்றாக இருக்கிறார் என்று பொருள். ஜோஸ்லின் ஒன்பதே முக்காலுக்குச் சுவரில் சாய்ந்து நின்றபடியே தூங்கினாள். லோர்னா அவளை உட்கார வைத்தாள்.

பத்து மணி அடித்தது. லோர்னா ஓய்வறைக்குப் போய்க் காப்பி ஊற்றிக்கொண்டு உட்கார்ந்தாள்.

அன்றைக்கு அவள் உட்கார்ந்தது சரியா என்று ஊரில் பின்னால் பேசினார்கள். நான்கு மணிக்கு எழுந்தவள், வலது முழங்கால் வீங்கியிருந்தது, இன்னும் ஐந்து மணி நேர வேலை பாக்கி. விழுந்துவிட்ட உதவியாளரால் யாருக்கும் உதவி இல்லை. இப்படி நினைக்கிறவர்கள் ஒரு பக்கம். அந்த வழியாகப் போன மேரிவிக் மறுபக்கம். திறந்த கதவு வழியாக லோர்னாவின் உயர்த்திய காலைப் பார்த்தாள், கையிலிருந்த காப்பியைப் பார்த்தாள், தன் மொழியில் ஏதோ ஒரு சொல் சொன்னாள், எர்வினின் அறைக்குள் போனாள்.

லோர்னா இரண்டு வாய் குடித்திருப்பாள்.

"ஆத்தே!"

அந்தச் சொல் அவளுக்குத் தெரியாது. அந்தக் குரல் தெரியும். டோலரஸ் கூப்பிடாமல் விட்ட குரல் அது. அந்த ஓய்வை வாங்கிய நாளிலிருந்து முதல் தடவையாக லோர்னா பாதிக் காப்பியை மேசைமேல் விட்டு எழுந்தாள். வீங்கிய முழங்காலோடு ஓடவே ஓடினாள்.

எர்வின் படுக்கைக்கும் நாற்காலிக்கும் நடுவில் தொங்கிக்கொண்டிருந்தார். தூக்குவதற்காக அவர் இடுப்பில் கட்டியிருந்த பட்டையை மேரிவிக் இரண்டு கையாலும் பற்றியிருந்தாள். அவருடைய முழுக் கனமும் அவள் தோளில். அவளுடைய இடது கால் நடுங்கி மடங்கிக்கொண்டே வந்தது. தூக்கவும் முடியாது, இறக்கவும் முடியாது.

"விட்டுராத. மூச்ச விடு" என்று லோர்னா மறுபக்கம் புகுந்து பட்டையைப் பிடித்தாள். "எர்வின், நல்ல கால ஊனுங்க. பேசாதீங்க."

"நான் எங்க பேசினேன்?"

"இதோ பேசுறீங்க. மூணு எண்ணுவேன். ஒண்ணு, ரெண்டு..."

மூன்றில் எர்வின் நாற்காலியில் இருந்தார். பஞ்சு மூட்டையை வைத்ததுபோல் சத்தமே இல்லை.

மேரிவிக் படுக்கை விளிம்பில் உட்கார்ந்தாள். மேல்சட்டை தூக்கியிருந்ததில் இடுப்பைச் சுற்றி இறுக்கிக் கட்டிய துணி தெரிந்தது. இல்லத்தின் பழைய விரிப்பைக் கிழித்துக் கட்டிய கட்டு.

"எத்தன நாளா?"

"செப்டம்பர்லேருந்து."

"வலியோடயா தினம் பதினொரு பேர தூக்குற?"

மேரிவிக் தரையைப் பார்த்தாள். பிறகு லோர்னாவைப் பார்த்தாள். "பதினொண்ணு இல்ல. ஆறு. மிச்சம் அஞ்ச ஆறு மணிக்கு முன்னாலயே முடிச்சிடுவேன். அஞ்சே காலுக்கு வந்துடுவேன். வருகை அட்டைய ஆறு மணிக்குத்தான் அடிப்பேன்."

லோர்னா சிரித்தாள். அடக்க முடியாமல் கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள்.

"அப்ப நீயும் ஆறு, நானும் ஆறு!"

"உங்களுக்கு அம்பத்தெட்டு வயசு" என்றாள் மேரிவிக், கொஞ்சம் எரிச்சலோடு. "அதுதான் எனக்கு அவமானம்." அதைச் சொன்னதும் அவளுக்கும் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்ததும் இடுப்பு வலித்தது, "ஆ" என்றாள், மறுபடி சிரித்தாள்.

"பொம்பளைங்களா, என் காப்பி?" என்றார் எர்வின்.

லோர்னா மேரிவிக்கைக் கையைப் பிடித்து ஓய்வறைக்குக் கூட்டிப்போனாள். தூங்கி விழித்த ஜோஸ்லின் நடைவழியைப் பார்த்துக்கொண்டாள்.

"உக்காரு. பதினஞ்சு நிமிஷம்."

"மிஸ்டர் ஹல்டீன் வந்தா?"

"அவன் எந்த மரத்து மேல இருக்கானோ. உக்காரு."

லோர்னா வீட்டிலிருந்து கொண்டுவந்த ஆப்ரிகாட் பழம் வைத்த கொலாச்சே ரொட்டியை நடுவில் பிட்டுப் பாதியைக் கொடுத்தாள். மேரிவிக் முதல் ஐந்து நிமிடம் நாற்காலியின் நுனியில், கதவைப் பார்த்தபடி இருந்தாள். ஆறாவது நிமிடம் முதுகு சாய்ந்தது. டோலரஸைப் பற்றி லோர்னா சொன்னாள், நாலே வாக்கியத்தில். அதற்குமேல் சொல்ல எதுவும் இல்லை.

"ஆத்தேன்னா என்ன?" என்று கேட்டாள் பிறகு.

"அக்கா. எங்க ஊர்ல மூத்தவங்கள அப்படித்தான் கூப்பிடுவோம். தெரியாம வந்துருச்சு."

"வந்தது வந்தபடியே இருக்கட்டும். மேடம்னு கூப்பிட்டா என் மாமியார கூப்பிடுற மாதிரி இருக்கு."

பத்தே முக்காலுக்கு இருவரும் மேற்கு நடைவழியின் கடைசி அறையில் தொடங்கினார்கள். எர்வின் போக மிச்சம் பதிமூன்று கனமானவர்கள். ஒருத்தி படுக்கையைத் தட்டும்போது மற்றவள் பட்டை மாட்டினாள். ஒருத்தி எண்ணினாள், இருவரும் தூக்கினார்கள். மூன்றாவது அறைக்குள் எண்ணத் தேவையில்லாமல் போனது. ஏழாவது அறையில் மேரிவிக் கைக்கடிகாரத்தைத் திருப்பிப் பார்த்தாள். எண்களை விடாத பழக்கம் அவளுக்கு.

"ஆத்தே, ஒரு ஆளுக்கு நாலு நிமிஷம்."

"அதுக்கென்ன?"

"ஒண்டியா தூக்கினா எனக்கு ஒம்போது ஆகும். ஒருத்தி செலவழிக்கிற ஒம்போது பெருசா, ரெண்டு பேர் சேர்ந்து எட்டு பெருசா?"

லோர்னா நின்றாள். இத்தனை வருடமும் முதுகைக் காப்பாற்றத்தான் இந்த விதி என்று நினைத்திருந்தாள். அது நேரத்தையும் காப்பாற்றுகிறது என்று ஒருநாளும் கணக்குப் பார்த்ததில்லை.

"அந்தக் கணக்க மறந்துராத" என்றாள்.

பன்னிரண்டுக்குப் பத்து நிமிடம் இருக்கும்போது முப்பத்தெட்டு பேரும் உணவுக்கூடத்தில் இருந்தார்கள். கழுவிய முகம், வாரிய தலை, சரியான காலில் சரியான செருப்பு. ஒருவரும் விழவில்லை, ஒருவர் தோலிலும் படுக்கைப்புண்ணின் சிவப்பில்லை.

அப்போதுதான் வாசலில் ஒரு பெரிய வண்டி வந்து நின்றது. க்ரெய்க் இறங்கினான். வேட்டைக்காரர்கள் போடும் ஆரஞ்சு நிற மேலாடை, ஆரஞ்சுத் தொப்பி, முழங்கை வரை காய்ந்த ரத்தம். வண்டியின் பின்தட்டில் ஒரு மான் கிடந்தது, கொம்பு ஓரத்தில் நீட்டிக்கொண்டிருந்தது. உணவுக்கூடத்தில் நடக்க முடிகிறவர்களும் சக்கர நாற்காலிக்காரர்களும் ஜன்னலுக்கு நகர்ந்தார்கள். அவர்களில் வேட்டையாடாத ஆண் ஒருவரும் இல்லை.

க்ரெய்க் மூச்சு வாங்க உள்ளே வந்தான். "பெக், இப்பதான் பாத்தேன், எட்டு தடவ கூப்பிட்டிருக்க, அங்க போன் எடுக்காது, நான்..." கூடத்தைப் பார்த்ததும் நின்றுவிட்டான். எல்லோரும் அவனைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

எர்வின்தான் முதலில் பேசினார். "டேய் க்ரெய்க், கொம்புல எத்தன கிளை?"

க்ரெய்க்குக் கேள்வி பிடித்திருந்தது. "பத்து."

"அட்றா சக்க. கனம் எவ்வளவு இருக்கும்?"

"குடல எடுத்தப்புறமும் நூத்தறுவது பவுண்டு."

"வண்டில நீயே ஒண்டியா தூக்கிப் போட்டியா?"

"சேச்சே, அது எப்படி முடியும்? என் மச்சான் ஒரு பக்கம் பிடிச்சான்."

எர்வின் மெதுவாகத் தலையாட்டினார். "செத்துப்போன நூத்தறுவது பவுண்டுக்கு ரெண்டு பேர். நான் இருநூத்தி நாப்பது, அதுலயும் உயிரோட இருக்கேன். எனக்கு ஒரு பொம்பள போதும்னு பலகைல கணக்குப் போட்டு வெச்சிருக்க."

கூடத்தில் முதலில் ஒரு கரண்டி தட்டில் தட்டியது. பிறகு இன்னொன்று. கேட்காத காதுக்காரர்கள் பக்கத்தில் கேட்டுத் தெரிந்துகொண்டு தாமதமாகச் சிரித்தார்கள், அதனால் சிரிப்பு இரண்டு சுற்று வந்தது.

க்ரெய்க்கின் முகம் தொப்பியின் நிறத்துக்கு வந்தது. "திங்கக்கிழமை பேசிக்கலாம்" என்றான்.

"இன்னிக்கே பேசலாம்" என்றாள் மேரிவிக்.

கையிலிருந்த தட்டை மேசைமேல் வைத்தாள். அந்த ஒரு வாக்கியத்தால் அவளுக்கு என்னவெல்லாம் போகலாம் என்பது அங்கே லோர்னாவுக்கும் ஜோஸ்லினுக்கும் மட்டும்தான் முழுதாகத் தெரியும். லோர்னா அவளுக்குப் பக்கத்தில் போய் நின்றாள்.

"பலகைல இருக்குற பதினொண்ணு பொய், சார். அஞ்ச ஆறு மணிக்கு முன்னாலயே செய்யுறேன். எட்டு மாசமா தினமும் முக்கா மணி. என் உண்மையான கணக்கு லோர்னாவோட கணக்குதான். இன்னிக்கு ரெண்டு பேரா பதினாலு பேர பாத்தோம். ஒரு ஆளுக்கு நாலு நிமிஷம். நான் நேரம் பாத்தேன். உங்களுக்கு நேரம் பாக்குறது பிடிக்கும்ல, அதான் பாத்தேன்."

"மேரிவிக், நான் உன்ன அஞ்சே காலுக்கு வரச் சொல்லலயே."

"சொல்லல சார். தினம் பலகைல பதினொண்ண பாத்துட்டு 'சபாஷ்'னு சொன்னீங்க. எனக்கு இடுப்புல செப்டம்பர்லேருந்து வலி."

தாதிகள் மேசையிலிருந்து பெக்கின் குரல் வந்தது. "கடைசியா சொன்னத இன்னொரு தடவ சொல்லு மேரிவிக். அறிக்கைல எழுதணும். க்ரெய்க், 'வேலைல ஏற்பட்ட காயம்'னு எழுதுறேன், ஒரு கையெழுத்து வேணும். யார் வேலைல இருந்தா, யார் இல்லங்கறதும் இதே பக்கத்துலதான் வருது."

க்ரெய்க் கெட்டவன் அல்ல. பலகை வேண்டுமென்று நகரத்திலிருந்து சொன்ன முதலாளிகள் அவனுக்கு மேலே இருந்தார்கள். அவனுடைய பாட்டனார் கடைசி மாதங்களில் லோர்னாவின் கையால்தான் கஞ்சி குடித்தார். அது அந்த நேரத்தில் அவனுக்கு நினைவுக்கு வந்ததா என்று தெரியாது. அவன் தன் கைகளைப் பார்த்தான், ரத்தம் காய்ந்திருந்தது. குழாயடிக்குப் போய் முழங்கைவரை தேய்த்துக் கழுவினான். திரும்பி வரும் வழியில் பலகையை ஆணியிலிருந்து எடுத்து, சுவரைப் பார்க்கத் தரையில் வைத்தான்.

"ஆறு மணிக்கு முன்னால யாரும் வேலை செய்யக் கூடாது" என்றான் மேரிவிக்கைப் பார்த்து. "அந்த எட்டு மாசத்துக்கும் சேர்த்துப் பாத்துத் தரேன். திங்கக்கிழமை டாக்டர் உன் இடுப்பப் பாக்கட்டும். ரெண்டு பேர் தூக்கணும்னு இருந்தா ரெண்டு பேர்."

"எழுதிப் போடுங்க" என்றாள் லோர்னா.

"சொன்னா போதாதா?"

"போன தடவயும் பதினோரு பேர்கிட்ட சொன்னாங்க. எழுதினப்புறம்தான் எழுந்தோம்."

எழுதினான். ஈரக்கையால் எழுதியதில் கையெழுத்து கொஞ்சம் கலைந்தது, ஆனால் படிக்க முடிந்தது.

"சலவைக்கு யாரு போறது?" என்று கேட்டாள் பெக்.

"ஆள் வந்ததும் சொல்றேன்" என்றாள் லோர்னா. "இப்ப சும்மா நிக்காதீங்க க்ரெய்க். நாலு பேருக்கு ஊட்டணும். ஏப்ரன் அங்க இருக்கு."

ஆரஞ்சு மேலாடைக்கு மேலே ஏப்ரன் கட்டிக்கொண்டு க்ரெய்க் நான்கு பேருக்கு உருளைக்கிழங்கு மசியல் ஊட்டினான். மான் வெளியே குளிரில் கிடந்தது. ஜன்னலோரத்தில் இருந்தவர்கள் மாலைவரை அதைக் காவல் காத்தார்கள்.

மறுநாள் காலை ஐந்தே காலுக்கு மேரிவிக் வழக்கம்போல் வந்துவிட்டாள். பழகிய உடம்பு, நான்கரைக்கே எழுப்பிவிட்டது. வருகை இயந்திரத்துக்கு எதிரேயிருந்த பெஞ்சில், பையை மடியில் வைத்துக்கொண்டு, இரண்டு கையையும் அதன்மேல் வைத்து உட்கார்ந்தாள். ஐந்தரைக்குள் மூன்று அறைகளில் மணி விளக்கு எரிந்தது. மூன்று தடவையும் எழுந்தாள், மூன்று தடவையும் உட்கார்ந்தாள். ஜோஸ்லின் போய்ப் பார்த்துக்கொண்டாள், அது அவள் வேலை நேரம். ஆறு மணிக்கு அட்டையை அடித்தாள்.

ட்ராவிஸ் ஆறுக்கு இரண்டு நிமிடம் முன்னால் வந்து நின்றான். கண்கள் சிவந்திருந்தன, நகக்கண்ணில் அழுக்கு.

"காய்ச்சல் எப்படி?" என்றாள் லோர்னா.

"தேவலாம்."

"மான் கிடைச்சுதா?"

"இல்ல."

"ரெண்டும் போச்சா. கைய நல்லா தேய்ச்சுக் கழுவு. இந்த வாரம் பூரா சலவை உன்னோடது, ஆனா முதல்ல மேரிவிக்கோட போய் எர்வின எழுப்பு. அவ எண்ணுவா, நீ தூக்கு. அவ இடுப்புல காயம், அதனால கனம் உன் பக்கம்."

"எத்தன எண்ணணும்?"

"மூணு" என்றாள் மேரிவிக், நடந்துகொண்டே. "வா, காலுறை முதல்ல. அவர் எழுந்துரிக்கறதுக்குள்ள."

பத்து மணிக்கு ஓய்வறையில் நாற்காலி போதவில்லை. ட்ராவிஸ் தரையில் உட்கார்ந்தான். மேரிவிக் கருவாட்டு டப்பாவை மேசை நடுவில் வைத்துத் திறந்தாள். லோர்னா எழுந்து போய் ஜன்னலைத் திறந்துவிட்டு வந்து, ஒரு துண்டை எடுத்து வாயில் போட்டுக்கொண்டாள். மெதுவாக மென்றாள்.

"உப்பு ஜாஸ்தி" என்றாள், இன்னொரு துண்டை எடுத்தாள்.